தரவில்லை

எட்டு மணிச் சுற்று.
டிராலியின் முன்சக்கரம் ஒன்று
ஆறு மாதமாக அழுதுகொண்டிருக்கிறது.
திருத்துறைப்பூண்டி, ஆண்கள் வார்டு,
ஐப்பசி மழை சற்றே விட்ட இரவு.
ஜன்னல் வலையெங்கும் ஈசல்.

பதினான்காம் கட்டில், பக்கிரிசாமி,
வயது அறுபத்தெட்டு, இதயம் வீங்கியவர்.
சீட்டில் டிகாக்சின்,
அதற்குக் கீழே ஃபுரோசமைடு.
இரண்டு மாதமாக இரண்டும்
ஒரே வீட்டு மருமகள்கள் மாதிரி
முகம் பார்க்காமல் வேலை செய்கின்றன.

ஒன்று
இதயத்தை நிதானமாக, அழுத்தி அடிக்கச் சொல்லும்.
மற்றது காலில் தேங்கிய நீரை வடிக்கும்.
வடிகிற நீரோடு பொட்டாசியமும் போகும்.
அது குறையக் குறைய
முதல் மாத்திரை, அதே அளவில் இருந்துகொண்டே,
நஞ்சின் பக்கம் நகரும்.
வாய்க்காலைத் தூர்வாருகிறேன் என்று
கரையையும் சேர்த்து வழித்துப்போன
பொக்லைன் நினைவுக்கு வரும் எனக்கு.

மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன்.
தண்ணீரும் ஊற்றியாயிற்று.
அப்போதுதான் சொன்னார்:
"சம்பா பழுத்துடுச்சு போலருக்கே சிஸ்டர்.
பகல்ல ஜன்னல் வழியா பாத்தேன்,
எல்லாம் ஒரே மஞ்சள்."

ஜன்னலுக்கு வெளியே இருப்பது
நட்டு இருபது நாளான பயிர்.
ஐப்பசியில் இந்த ஊரில்
மஞ்சளுக்கு வேலையே இல்லை.

"சாப்பாடு?"
"ரெண்டு நாளா குமட்டுது."

கிண்ணத்தைத் தட்டில் வைத்தேன்.
இடது மார்பில் ஸ்டெத்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது
இந்த மாத்திரைக்கு ஆகாது.
முழு நிமிடம்.
இருபத்தொன்பது, முப்பது,
பிறகு ஒரு காலி
(இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைத்ததுபோல),
முப்பத்தொன்று.
முடிவில் நாற்பத்தெட்டு.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாரா?"
"இல்லம்மா" என்றார் குஞ்சம்மாள்.
கேள்வியை மாற்றிக் கேட்டேன்:
"இருமலுக்கு, மூட்டுவலிக்கு, எதுக்காவது?"
முந்தானை முடிச்சிலிருந்து
பாதி காலியான அட்டை ஒன்று வந்தது.
கிளாரித்ரோமைசின்.
"மெடிக்கல்ல குடுத்தாங்க. இருமல் நின்னுடுச்சே,
நல்ல மருந்துதானே?"

நல்ல மருந்துதான்.
டிகாக்சின் வெளியேறும் மதகில்
பலகை போட்டு அடைக்கும், அவ்வளவுதான்.
உள்ளே மட்டம் ஏறும்.
ஏறுவது வெளியே தெரியாது,
மஞ்சளாகத் தெரியும்வரை.

டாக்டர் தையல்நாயகிக்குப் போன் செய்தேன்.
நாடி, குமட்டல், நிறம், அட்டையின் பெயர்,
இந்த வரிசையில்.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"இன்னிக்கு டோஸ் போயிடுச்சா?"
"போகல."
அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது.
"மூணையும் நிறுத்துங்க. ஈசிஜி எடுங்க,
பொட்டாசியத்துக்கு ரத்தம் அனுப்புங்க. வர்றேன்."

வராந்தாவில் மகன்
திருப்பூருக்கு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்:
"மாத்திரைகூட குடுக்க மாட்டேங்குறாங்கடா.
கையில எடுத்துட்டுத் திருப்பி வச்சிடுச்சு அந்தம்மா."
உண்மைதான். அப்படித்தான் வைத்தேன்.

பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் போன்.
முள்ளியாற்றில் லஸ்கர் அவர்.
"ஷட்டரை எறக்கிட்டேன். மேல மழை ஜாஸ்தி.
மூணு ஊர்க்காரன் நின்னு திட்டுறான்."
"சாப்பிட்டீங்களா?"
"இல்ல. நீ?"
"இல்ல."

சார்ட்டில் இன்றைய கட்டம்.
என் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம்.
பக்கத்தில்: தரவில்லை. நாடி 48. மருத்துவருக்குச் சொல்லப்பட்டது, 8.20.
பதினேழு வருடத்தில்
தந்தவற்றுக்குக் கணக்கு இருக்கிறது,
லட்சம் தாண்டும்.
இந்த வட்டங்களை யாரும் கூட்டுவதில்லை.

உள்ளே போனது பாதியாகக் குறைய
ஒன்றரை நாள் ஆகும்.
களைத்த சிறுநீரகத்துக்கு இன்னும் கூட.
மானிட்டரைப் பார்த்துக்கொண்டு
ஈசல் சிறகுகளைப் பெருக்கினேன்.

ஆறு மணிக்கு எண்ணினேன். ஐம்பத்திரண்டு.
"இன்னும் மஞ்சளா?"
ஜன்னலைப் பார்த்தார், வெகுநேரம்.
"மஞ்சள்தான்" என்றார்.
"ஆனா ஓரத்துல, அந்த வரப்புகிட்ட,
கொஞ்சம் பச்சை தெரியுது."
எழுதிக்கொண்டு
டிராலியைப் பதினைந்துக்குத் தள்ளினேன்.