மீன் வாசனை வந்த வழி

மூன்றாவது சனிக்கிழமை காலை
தட்டில் மீன் வாசனை.

கழுவி முடித்த மிஷினைத் திறந்தேன்.
வெள்ளைப் பீங்கான் பளபளத்தது, ஆவி பறந்தது,
அந்த ஆவியில்தான் அடித்தது.
நாத்தனார் கோகிலாம்பாள் தட்டை முகர்ந்தாள்,
பிறகு என்னை.
சாட்ஸ்வர்த் முழுக்கப் புரட்டாசி.
இறைச்சிச் சட்டிகள் கராஜில்
கவிழ்ந்து கிடக்கும் மாதம்.
"யாரோ விரதத்தை முறிச்சிருக்காங்க" என்றாள்.
அந்த யாரோவுக்கு
என் உயரம், என் வேலைச் சட்டையின் நிறம்.

மகன் கெஷ்லனுக்கு விரதமில்லை.
டின் மீனைச் சூடாக்கித் தின்பான்,
தனித் தட்டு, தனிக் கரண்டி,
தொட்டியிலேயே கழுவிக் கவிழ்த்துவிடுவான்.
மிஷினைத் தொடமாட்டான், அது எல்லோருக்கும் தெரியும்.
ஆகவே மிச்சம் நான்.

அன்றிரவு லோட்ஷெட்டிங், எட்டிலிருந்து பத்து.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தேன்.
சோப்புத்தூள், கரப்பான் மருந்து,
பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பைகள்.
அவற்றின் பின்னால்
மிஷினின் கழிவு ஹோஸ்
தரையோடு படுத்து, கடைசியில் மட்டும் தலைதூக்கி
தொட்டிக் குழாயின் கிளைமூக்கில் வாய்வைத்திருந்தது.
பூபாலன் பொருத்தியது,
ரக்பி இடைவேளையில்.
சொட்டுக்கூடக் கசியவில்லை என்று அவருக்குப் பெருமை.
கசியத்தான் இல்லை.

கரண்ட் வந்ததும் சோதித்தேன்.
தொட்டியை அடைத்து, விளிம்புவரை நிரப்பி,
இரண்டு கரண்டி மஞ்சள் கரைத்து
அடைப்பை உருவினேன்.
சாக்கடைக்குப் போகவேண்டிய மஞ்சள்
நெரிசலில் கிளைக்குள்ளும் புகுந்து
படுத்திருந்த ஹோஸ் வழியே ஓடி
மிஷினின் அடித்தட்டில்
சின்னக் குளமாய் நின்றது.
கோகிலாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
விரலால் தொட்டாள்.
முகர்ந்தும் பார்த்தாள், மஞ்சள்தானா என்று.

பிறகு வேலை எளிது.
கிளாம்பைத் தளர்த்தி, தேங்கியதை வாளியில் வடித்து,
ஹோஸைத் தூக்கினேன்
மேடைக் கல்லின் அடிவயிறு வரை.
அங்கே ஒரு கொக்கி, ஒரு பட்டி.
அந்த உச்சியிலிருந்து இறக்கி
வளைகுழாய்க்கு மேலே, அதே மூக்கில்
சொருகி முறுக்கினேன்.
போகிற தண்ணீரைப் பம்பு தள்ளும், ஏறிவிடும்.
திரும்புகிற தண்ணீருக்குத் தள்ள ஆளில்லை.
அந்த மேடு போதும் அதற்கு.
மறுபடி தொட்டி, மறுபடி மஞ்சள்.
மிஷின் உலர்ந்து கிடந்தது,
அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாததுபோல்.

மன்னிப்பு வரவில்லை.
ஞாயிறு மதியம் என் தட்டில்
கேட்காமலே இரண்டாவது வடை விழுந்தது.
பூபாலன் "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.
எதை என்று யாரும் கேட்கவில்லை.

குழாயின் குற்றம் நிரூபணமானது. சரி.
ஆனால் போன புதன்கிழமை
தொழிற்சாலைக் கேன்டீனில்
காய்கறி சமூசா என்று நினைத்துக் கடித்தேன்.
கோழி.
முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது.
மிச்சத்தையும் தின்றேன், சூடாக இருந்தது.
அடுத்ததையும்.
காகிதத் தட்டு,
கழுவ வேண்டியிருக்கவில்லை.