ஒன்பதுக்கு எட்டு

ஐஸ் கம்பெனித் தராசில் பூச்சையை வைத்தேன்,
நிற்கவில்லை; இறங்கிப்போய்
உமிமூட்டை நிழலில் படுத்துக்கொண்டது.
தூக்கிக்கொண்டு நானே ஏறினேன்:
அறுபத்தொன்று புள்ளி ஒன்பது.
இறக்கிவிட்டு ஏறினேன்:
ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று.
கழித்தால் ஆறு கிலோ எண்ணூறு.
சும்மா நின்ற பையன்கள்
"யக்கா, கிலோ என்ன வெல?" என்று
ஏலம் கேட்டார்கள்.
குளச்சலில் தடைக்காலம்.
எடை போட வேறு ஒன்றும் வரவில்லை.

தக்கலையில் டாக்டர் அஜிஷா
பூச்சையைத் தொடுவதற்கு முன்னால்
என் கையைக் கேட்டாள்.
"மூடுங்க."
முட்டிகளின்மேல் என் விரலையே ஓட்டினாள்.
"விலா இப்படி நெருடுனா பட்டினி."
விரித்தாள், புறங்கை.
"இப்படின்னா சரி. எலும்பு விரலுக்குத் தெரியணும்,
கண்ணுக்குத் தெரியக் கூடாது."
பிறகு திருப்பி, பெருவிரலடி மேட்டை அழுத்தினாள்.
"உங்க கட்டா இங்க இருக்கான்."

மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டுமாம்.
கட்டா மேலிருந்து பார்த்தால்
விளைந்த சக்கை.
சீட்டில் ஒன்பதுக்கு எட்டு என்று எழுதினாள்.
நான் படித்த காலத்தில் வாங்காத மார்க்.
பட்டினி மட்டும் போடக் கூடாது,
சட்டென்று நிறுத்தினால் ஈரல் கெடும்.
வாரம் அறுபது கிராம்,
ஒரு பெரிய சாளையின் எடை,
அவ்வளவு குறைந்தால் போதும்.

டம்ளரால் அளந்து வைத்தேன் மூன்று வாரம்.
ஆறு கிலோ தொள்ளாயிரம்.

ஞாயிறு பூசை முடிந்து பின்னாலேயே போனேன்.
வியாகுலம் வீட்டில் அவன் பெயர் லில்லி.
ஸ்டார்வின் வீட்டில் கமாண்டர்.
அடுத்த வீட்டில் பெயரே இல்லை, வெறும் "வா."
கடலுக்குப் போகாத ஆண்கள்
கிழிந்த வலையெல்லாம் தைத்து முடித்து
தைக்க வலையில்லாமல்
இவனுக்குக் கருவாட்டுத் தலை பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டை வெட்டி, நூல் கோத்து
கழுத்தில் கட்டிவிட்டேன்:
"எனக்கு ஆகாரம் ஆயாச்சு."
சாயங்காலம் வந்தான்.
அட்டையின் பின்பக்கம்
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்
யாரோ எழுதியிருந்தார்கள்:
"எங்களுக்கு ஆகல்ல."

கேலியாக இருக்கலாம். அந்தத் தெருவுக்குக் கேலி உண்டு.
அட்டையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்தேன்,
தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் புகார் சொல்லும் சாக்கில் வீடு வீடாக ஏறினேன்.
எல்லா வீட்டிலும் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினேன்.
என்னைக் கேட்காமலே என் விரல்
விலாவுக்குப் போனது.
புறங்கை. புறங்கை. ஒரு குண்டுப் பயல், உள்ளங்கை.
நாலாவது வீட்டில், ஜெனோவாவின் இளையவள்
சிரித்துக்கொண்டே கையில் ஏறினாள்.
முட்டி. முட்டி. முட்டி.
அவள் காலடியில் கட்டா
சிரட்டையை நக்கிக்கொண்டிருந்தான்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.
"இவன் பல வீட்டில தின்னக் கூடாதாம்,
ஒரே வீட்டில தின்னணுமாம்.
உன்கிட்டதான் ஒட்டுகான்.
அவன் பங்கை நான் கொண்டு தாறேன்."
அஞ்சு கிலோ அரிசி, பயறு,
தேங்காயெண்ணெய் ஒரு குப்பி.

ஜெனோவா சீட்டைப் பார்த்தாள்.
ஒன்பதுக்கு எட்டு என்பதை
இரண்டு தடவை வாசித்தாள்.
எண்ணெய்க் குப்பியைப் பார்த்தாள்.
"பூச்சை பயறு தின்னுமா?" என்று அவள் கேட்கவில்லை.
"ராத்திரிக்கு எவ்வளவு வைக்கணும்?" என்றாள்.

கட்டா அதற்குள்
ஐந்தாவது வீட்டுக்குப் போய்விட்டான்.