பதினோரு பிரதிகள்

காப்பறைச் சுவரில் துளை போடக் கூடாது.
வீவக தந்த கையேட்டில்
அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்.
மோடம் இருப்பதோ அதற்குள்தான்,
அரிசி மூட்டைக்கும் மடக்கு ஏணிக்கும் நடுவே.
வைஃபை கான்கிரீட்டை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப்
படுக்கையறைக்கு வந்து சேரும்போது
ஒற்றைக் கோடாக இளைத்திருக்கும்.

ஆகவே கேபிள்.
இரும்புக் கதவின் இடுக்கில் நுழைந்து
காலணி அலமாரியைச் சுற்றி
கூடத்தைக் குறுக்கே கடந்து.
"போர் வந்தா
முதல்ல இந்த ஒயரைப் பிடுங்கணும்,
அப்பறம்தான் கதவைச் சாத்த முடியும்"
என்றாள் நளாயினி,
சீருடைப் பையைத் தோளில் மாட்டியபடி.
இந்த மாதம் முழுக்க அவளுக்கு இரவுப் பணி.

சிம் லிம் ஸ்குவேரில் குவெக்
ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து
இரண்டு வட்டு தர மறுத்தார்.
ஒன்றாய்ப் பிறந்தது ஒன்றாய்ச் சாகுமாம்.
இன்னொன்றை எதிர்க்கடையில் வாங்கச் சொல்லி
அவரே கையைக் காட்டினார்.
இப்படி ஒரு வியாபாரி.

ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு,
பச்சை வெள்ளை,
அடுத்து பச்சை என்று கை தானாகப் போகும்.
இல்லை.
பச்சை ஜோடியைப் பிரித்து
நடுவில் நீல ஜோடி உட்கார வேண்டும்.
யார் வைத்த விதியோ.
நான்கு முனைகளை வெட்டி எறிந்த பிறகு
ஐந்தாவதில்
சோதனைக் கருவியின் எட்டு விளக்கும் வரிசையாய் எரிந்தன.
செங்காங் பதினான்காம் மாடியில்
கைதட்ட ஆளில்லாத வெற்றி.

பிறகு இரண்டு நாள்
பழைய கைப்பேசிகள், மடிக்கணினி,
மூடி தொலைந்த தம்ப் டிரைவ் எல்லாம்
பெட்டிக்குள் தங்களைக் கொட்டிக்கொண்டிருந்தன.
நடக்கப் போகிற ரயிலைப் போல
மெல்லிய உறுமல்.
ஒரு வட்டில் எழுதியதை
மற்றதும் அப்படியே எழுதிக்கொள்ளும்.
ஒன்று போனாலும் மற்றது சொல்லும்.

மூன்றாம் இரவு
இரட்டிப்புக் கோப்புகளைத் தேடவிட்டேன்.
அதிகம் பிரதி உள்ளது முதலில் வந்தது.

ஒரு படம். பதினோரு பிரதி.
கறுப்பு விசிறிக்குள்
வெள்ளையாய் ஒரு விதை.
மூலையில் அவள் பெயர், தேதி,
பன்னிரண்டு வாரம் இரண்டு நாள்.

என் போனிலிருந்து
அந்த வாரமே நீக்கிவிட்டிருந்தேன்.
அவளிடமும் இருக்காது என்று
எப்படியோ முடிவு செய்திருந்தேன்.
எட்டு வருடத்தில் அவள் மாற்றிய
ஒவ்வொரு கைப்பேசிக்கும்
அது கூடவே குடிபெயர்ந்திருக்கிறது.

பத்தை நீக்கினால்
மூன்று எம்பி மிச்சமாகும்,
நீக்கவா? என்றது திரை.

இரண்டு நாற்பது.
நான் எதையும் தொடவில்லை,
நீல விளக்கு துடித்தது.
யாரோ வெளியிலிருந்து உள்ளே.
பதிவேட்டைத் திறந்தேன்:
பயனர் நளாயினி.
திறந்த கோப்பு ஒன்று.
அதன் பெயர் எனக்கு முன்னே
திரையில் ஏற்கெனவே இருந்தது.

மாலையில் நான்தான் சொல்லியிருந்தேன்,
வார்டிலிருந்து வேலை செய்கிறதா,
ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பாரேன் என்று.

ஏதாவது ஒரு படம்.

விளக்கு வெகுநேரம் துடிக்கவில்லை.
பிறகு வாட்ஸாப்பில் ஒரு சொல் வந்தது:
"திறக்குது."
என்ன பதில் போடுவதென்று தெரியாமல்
"வேகமாவா?" என்று கேட்டேன்.
"ம்" என்றாள்.

காலை எட்டு மணிக்கு வந்தவள்
காலுறையோடு கூடத்தில் நின்று
கேபிளைப் பார்த்தாள்.
"டூப்ளிகேட் எல்லாம் அழிச்சிட்டியா?"
"இல்ல. நாலு டெராபைட் இருக்கே.
இடம் தாராளம்."

ஒன்றும் சொல்லவில்லை.
தூங்குகிற எதையோ தாண்டுவதுபோல்
காலைச் சற்று அதிகமாகவே உயர்த்திக்
கேபிளைக் கடந்து போனாள்.

ஓரமாய் ஒட்ட
டேப் வாங்கி வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை பார்க்கலாம்.