நாற்பத்தெட்டு

வில்லமெட் அருவிக்குக் கீழே
ஏப்ரல் தூறலில் படகுகள் முட்டிக்கொண்டு நின்றன.
எல்வுட்டின் தூண்டில் வளைந்தது,
பருவத்தின் முதல் சால்மன்.
படகில் ஏறியது தலை மட்டும்.
வாய் இன்னும் திறந்து மூடியது.

பத்தடி தள்ளிக் கடற்சிங்கம்
மீதியை உதறி உதறித் தின்றது.
முதுகில் சூடுபோட்ட எண் நாற்பத்தெட்டு.
"அதுக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது?"
என்னைப் பார்த்துக் கத்தினான்.
கூண்டு என் பொறுப்பு.

வியாழக்கிழமை அது தானாகவே ஏறியது,
வெயில் காய.
நானூற்றுப் பத்துக் கிலோ.
ஊசிக்குப் பிறகும் மீசை ஈரமாக இருந்தது.
படிவத்தில் "மீன் குறையக் காரணம்" என்றொரு கட்டம்.
நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.
ஆற்றை மறித்து நிற்கும் அணைகளுக்கு
அதில் இடம் போதாது.

கூண்டைக் கழுவி மறுபடி திறந்துவைத்தேன்.
இருட்டுமுன் இன்னொன்று வந்து படுத்தது,
எண் இல்லாமல்.