குத்துமதிப்பு

ருவைஸில் அதிகாலை மூன்றரைக்கே
இரும்புத் தட்டை வைத்து மண்ணை அழுத்திப் பார்த்தோம்.
வெயில் ஏறினால் முள்ளும் பொய் சொல்லும் என்பான்
டயல் படிக்கும் தில்முராத்.
முதல் குழி நாற்பத்தொன்று.
இருபதடி தள்ளி ஒன்பது.
மூன்றாவதில் உப்புப் பொருக்கு அப்பளமாய் நொறுங்கி
ஜாக்கே சாய்ந்துவிட்டது. அதற்கு எண் இல்லை,
தில்முராத் ஒரு கோடு போட்டு வைத்தான்.

இதன்மேல்தான் நானூறு மீட்டர் உத்தரம்,
அதன்மேல் கிரேன்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பேச்சு.
இங்கே ஒவ்வொரு காலும் எண்பது டன்.
ஆழமோ
நேற்றைய கடலேற்றத்தைப் பொறுத்தது.

கணினி ஒரு கட்டத்தைக் காட்டி
மண்ணின் விறைப்பு என்ன என்கிறது.
ஒரே ஒரு கட்டம்.
சராசரி போடு பொற்கொடி, என்றார் ஃபாரிஸ்,
வியாழனுக்குள் வரைபடம் போகவேண்டும்.
சராசரி மண் எங்கே இருக்கிறது?
மூன்று குழியிலும் நான் பார்க்கவில்லை.

இரவு காகிதத்தில் போட்டேன், பழைய முறையில்:
உத்தரத்தின் கீழே வரிசையாய் வில்சுருள்கள்,
ஒன்றின் பாரம் பக்கத்துக்குத் தெரியாத வில்சுருள்கள்.
மண் பதினாறு மடங்கு ஏமாற்றினாலும்
உத்தரத்தின் முதுகுவலி இரண்டே மடங்கு.
நான்காம் மூலத்தின் கருணை!
கம்பி போதும். உடையாது.
ஏசி உறுமும் அறையில்
தனியாகச் சிரித்துவிட்டேன்.

அடுத்த வரியில் சிரிப்பு நின்றது.
அதே பதினாறுக்கு
அமிழ்வு எட்டு மடங்கு.
உடையாமலே அமிழும்,
கொஞ்சம் தள்ளி, யாரும் கேட்காமல்,
மெல்ல மேலெழும்பும்.
தண்டவாளம் அதைப் பொறுக்காது.

ஜெயபால் போனில்:
"எப்ப வர்றே, ஒரு தேதி சொல்லு."
மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்.
"நடுவிலன்னா?"
டிக்கெட்டுக்கும் ஒரே ஒரு கட்டம்தான்.

வியாழக்கிழமை கணக்கு இரண்டாய்ப் போயிற்று,
ஒன்பதுக்கு ஒன்று, நாற்பத்தொன்றுக்கு ஒன்று.
மூன்றாம் குழியைத் தோண்டி
மண் மாற்றச் சொன்னேன்.
தண்டவாளத்தின் அடியில் அறுபது மில்லிமீட்டர்
வெறும் இடம் விட்டேன்,
தகடு செருக, வேண்டாமென்றால் உருவ.
எத்தனை தகடு என்று எழுதவில்லையே, என்றார் ஃபாரிஸ்.
தளத்தில் அளந்து முடிவு செய்க,
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜெயபாலுக்கு மட்டும்
ஜூன் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன்.
எந்தக் குழியிலும் இல்லாத எண்.