இருபத்திரண்டரையில் ஒரு பங்கு

ஈசல்மியில் மே மாதம்தான் மண் இளகும்.
மண்வெட்டி இறங்கிய முதல் நாளே
தண்டவாளம் போடத் தொடங்கிவிட்டேன்.
தொழில் எனக்குப் பல் செய்வது.
ஊரார் வாயின் மேடுபள்ளங்களை
இருபத்தேழு வருடம் வார்த்த கைக்கு
மலை ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கணக்கு எளிது:
இருபத்திரண்டரையில் ஒரு பங்கு.
ஆள் எட்டு சென்டிமீட்டர்.
கதவு ஒன்பது.
நிலைய மேலாளரின் மீசை
தூரிகையில் ஒரே ஒரு மயிர்.
சாப்பாட்டு மேசையில் குளிர்காலம் முழுக்க
பல்லுக்கு வார்க்கும் சாந்து குழைத்து
ஒரு சுரங்க வாய் செய்தேன்.
கடைவாய்ப் பல் மாதிரி இருக்கிறது என்றாள் தங்கை.
இருக்கட்டும்,
மலை கடிக்கவா போகிறது.

வெளியே கொண்டுபோய் வைத்தபின்தான்
கணக்குக்கு அடங்காதவர்கள் வந்தார்கள்.
மழை சுருங்க மறுத்தது.
ஒரு துளி, மேலாளர் முகத்தில் பாதி.
மூன்று நாளில் மலை மோராகி
சரளைக்கற்களுக்கு நடுவே ஓடிப்போனது.
சிமெண்டில் மறுபடி வார்த்தேன்.
முள்ளெலி ஒன்று சுரங்கத்துக்குள் தூங்கி
காலை வண்டியைத் தாமதப்படுத்தியது.
கறுப்பும் வெள்ளையுமாய் நீண்ட வால் பறவை,
நாங்கள் ஹரக்கா என்போம்,
நடைமேடையில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரியை
இடுப்பில் கவ்விக்கொண்டு பறந்தது.
மற்ற பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒட்டியிருந்தார்கள்.

பாசி புல்வெளியாக நடித்தது, நன்றாகவே.
குட்டைத் தளிருக்கு நகவெட்டியால் முடி வெட்டினேன்.
எல்லாம் சரி,
வளைவு மட்டும் இடம் கேட்டது.
இந்த எஞ்சின் நூற்றிருபது சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்தால்
தடம் புரளும்.
என் தோட்டம் அறுபது சென்டிமீட்டர் முன்பே முடிகிறது,
உர்ப்போவின் வேலியில்.

ஏழு வருடம் முன்பு
அவருடைய பனி ஊதும் இயந்திரம்
என் வாசலில் கொட்டிய குவியலோடு
பேச்சு நின்றது.
குவியல் அந்த ஏப்ரலிலேயே கரைந்தது.

ஆகவே ரயில் வேலி வரை போகும்,
நிற்கும்,
பின்பக்கமாகவே வரும்.
போகும், நிற்கும், பின்பக்கமாக வரும்.
ஜூன் முழுக்க இப்படி.
இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் என்பதால்
பார்க்க ஆளும் இருந்திருக்கிறது.

"எத்தனை வேண்டும்?"
வேலிக்கு மேலே ஒரு தொப்பி கேட்டது.
அறுபது என்றேன்.
மறுநாள் ரம்பச் சத்தம்.
பலகைகளின் அடியில் இரண்டு பொந்து,
என் ரயிலின் உயரத்துக்குச் சரியாக.
முன்பல் இரண்டு விழுந்த பையன் போல
வேலி என்னைப் பார்த்தது.
தொண்ணூறு கொடுத்திருந்தார்.

பாதை போட ஒரு முறை அந்தப் பக்கம் போனேன்.
காபி தந்தார். மழை பற்றிப் பேசினோம்.
அதற்குப்பின் அங்கே அவராக ஒரு சவுனா கட்டினார்,
புகைபோக்கி, விறகு அடுக்கு, சின்ன வாளி எல்லாம்.
அளவு தப்பு.
என் ஆட்கள் கைப்பிடியைத் தொட
ஏணி வைக்க வேண்டும்.
வாயைத் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.

இப்போது ரயில் முதல் பொந்தில் நுழைந்து
இரண்டாவதில் வெளியே வர
பதினாலு நொடி.
அந்த நேரம் அது என்னுடையது இல்லை.
ஒருநாள் இருபது ஆனது,
பிறகு முப்பது.
எஞ்சின் கவிழ்ந்ததென்று எழுந்துவிட்டேன்.

வந்தது,
மெதுவாக.
திறந்த சரக்குப் பெட்டியில்
சிவப்புக் கோட்டுக்காரி குப்புறப் படுத்திருந்தாள்,
இடது கை இல்லாமல்,
கூரைத் தகரத்தின் அழுக்கோடு.
பக்கத்தில் ஒரு கறுப்புக் கரன்ட் பழம்,
அவள் தலை அளவே.

நடைமேடையில் அவள் நின்ற இடத்தில்
பசைக் கறை இன்னும் இருந்தது.
பழத்தைத் தின்றேன்.
புளிப்பு.
காலிப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு சுற்று சும்மா ஓட்டினேன்.