பொருளின் விவரம்

நான்காம் எண் டோக்கன். மதாம் அரியநாயகம்
கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார்.
கவுண்டரில் விழுந்தது
சுழலவில்லை, உருளவில்லை.
உட்கார்ந்தது.

மிசியோன் வீதியில் பதினோரு மணி வெயில்.
எட்டு கிராம் எழுபத்தைந்து.
உரைகல்லில் இழுக்கக் கை வரவில்லை,
இயந்திரத்தில் வைத்தேன்: இருபத்திரண்டு காரட்.

அமெரிக்கக் காசு. ஆயிரத்து எண்ணூற்று இரண்டு.
தலைப்பாகை போல ஏதோ அணிந்த ஒருத்தி
வலப்பக்கம் பார்க்கிறாள்.
முதுகுப் பக்கம் எட்டு விண்மீன், முகத்துக்கு முன் ஐந்து.
எவ்வளவு பெறும் என்று எங்கும் எழுதவில்லை.
ஐந்து டாலர் என்று எனக்குத் தெரியும்,
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய, அட்டையில்லாத புத்தகத்தால்.
காசுக்குத் தெரியாது.
பட்டறைக் குறியும் கிடையாது.
இருந்ததே ஒரு பட்டறை;
யாரிடமிருந்து பிரித்துக் காட்ட?

லூப்பைக் கண்ணில் சொருகினேன்.
இரண்டின் வளைவுக்குள்
ஒன்று நின்றுகொண்டிருந்தது.

போன வருஷத்து அச்சு.
எஃகைத் தூக்கிப்போட மனம் வராத யாரோ
ஒன்றின் தலையிலேயே இரண்டை அடித்திருக்கிறார்.
அச்சு அசல் என்கிறோம்.
அச்சுக்கும் விரிசல் விடும்,
விட்ட விரிசல் காசில் மேடாய் ஏறும்.
திருப்பினால் கழுகு.
அதன் அலகை ஒரு விண்மீன் தொட்டால் ஓர் அச்சு,
தொடாவிட்டால் வேறு.
அந்த மயிரிழைக்கு
ஒரு வீட்டின் முன்பணம் கைமாறுமாம்.

அவள் கன்னத்தின் குறுக்கே சாய்வாய்க் கீறல்கள்.
காயமில்லை, அரம்.
எடை கூடிய தகட்டை, அடிப்பதற்கு முன்பே
ராவித் தள்ளிய பெண்கள் இருந்தார்களாம் அங்கே.
பொடி மடியில் விழுந்திருக்கும்.
சாயங்காலம் மடியை உதறச் சொல்லியிருப்பார்கள்.
என் மேசைத் தட்டையும்
ஏழு மணிக்கு உதறி நிறுக்கிறார்கள்.

"மதாம், இதில் வருஷத்தைத் திருத்தியிருக்கிறார்கள்."
"கள்ளக்காசா?"
"இல்லை. அந்த வருஷத்தில்
திருத்தாத காசே கிடையாது."
சிரித்தார். கடைவாயில் ஒரு பல் தங்கம்.
"எங்க முசியேவும் அப்படித்தாம்மா.
பட்டாளத்துக்கு வயசு பத்தலை.
மேரியில எழுதுறவன் ஏழை ஐந்தாக்கினான்.
அந்த ஐந்துதான் இன்னிக்கும்
சொல்தா பென்ஷன் தருது.
இதைச் சைகோனில் சீட்டாடி ஜெயிச்சேன்னு சொல்வார்.
சீட்டாட அவருக்குத் தெரியாது."

குணாளன் சார் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:
"நம்ம கிளையில நாணயம் எடுக்கறதில்லன்னு தெரியாதா?
எதிர்க்கடையில ஒரு வளையம் பத்தவைக்கச் சொல்லு.
நகை ஆயிடும்."

நான் குரலைத் தாழ்த்தி அவரிடம் சொன்னேன்,
வைக்காதீர்கள், பாதி விலை போய்விடும்,
பாதிக்கும் மேல்.
சென்னையில் ஏலக்காரர் இருக்கிறார், எண் தருகிறேன்.
"எத்தனை நாளாகும்?"
"மூணு மாசம்."
"வெள்ளிக்கிழமை கட்டணும்."
என்ன கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.
எண்ணை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலரைக்குத் திரும்பி வந்தார்.
தொப்பி உச்சிக்கு மேலே வளையம்.
பற்றவைத்த இடத்தில் மெல்லிய கறுப்பு.
"பாலிஷும் போட்டுக் குடுத்தான், நல்ல பையன்,
அதுக்குக் காசு வாங்கலை."
அரம் போன தடம் அநேகமாக இல்லை.
கன்னம் கண்ணாடியாய்,
என் டியூப்லைட் அதில் தெரிந்தது.
இரண்டுக்குள் ஒன்றைத் தேடினேன்.
கொஞ்ச நேரம் பிடித்தது. இருந்தது.

எட்டு கிராம் தொண்ணூற்றொன்று.
பற்றுக்குக் கழிவு போட்டேன்.
பொருளின் விவரம் என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினேன்:
டாலர், ஒன்று.